நாற்றுக்குடிலின் நடுத்தடுப்பு

ஜனவரி 6

அக்காவுக்கு,

இன்று காலை, நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, குடிலில் என் பக்கத்து வாசலில் ஒரு நீலநிறப் பிளாஸ்டிக் தட்டம் வைத்து, அதில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர் ஊற்றுவதென்று முடிவெடுக்கப்பட்டது. ஆலோசனையில் கலந்துகொண்டவர்கள் நானும் பூனையும். பூனை பாதியில் எழுந்து போய்விட்டது. அதை எதிர்ப்பு வாக்காக நான் எடுத்துக்கொள்ளவில்லை. இனி என் பக்கத்துக்குள் வருகிறவர் யாராக இருந்தாலும், புகையிலைச் சங்கத்துச் செயலாளரே ஆனாலும், செருப்பை அந்தத் தண்ணீரில் முக்கிவிட்டுத்தான் காலை உள்ளே வைக்க வேண்டும். பூஞ்சை செருப்பு மண்ணில் ஏறிச் சவாரி செய்து வருகிற ஜாதி.

இதை உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். உன்னோடு பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. முதலில் என் வீட்டுக்காரியிடம் சொல்லி அனுப்பலாம் என்று பார்த்தேன். தையல் மிஷினிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல், "பத்தடி தள்ளி நிக்கிற அக்காகிட்டப் பேச வாயில்லாதவருக்கு நான் வாடகை வாயா?" என்று கேட்டாள். அதனால் தபால்.

சங்கத்து அறிவிப்பு உனக்கும் வந்திருக்கும். போன வருஷம் நம் குடிலில் புகையிலை நாற்று முழுக்க வேரழுகிப் போனதை அவர்கள் மறக்கவில்லை. இந்த வருஷமும் பூஞ்சை பரவினால் நாற்று வளர்க்கும் உரிமத்தை எடுத்துவிடுவார்கள். நாம் குடிலை நடுவில் பிளாஸ்டிக் தடுப்புக் கட்டி இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். இரட்டைக் கதவில் ஆளுக்கொரு கதவு என்று எடுத்துக்கொண்டோம். ஆனால் உரிமத்தைப் பிரிக்க முடியவில்லை. அது ஒன்றுதான். உன் பக்கத்தில் நோய் வந்தாலும் என் பக்கத்தையும் சேர்த்து மூடுவார்கள். ஆகவே உன் நலத்தில் எனக்குத் திடீரென்று அக்கறை வந்திருக்கிறது. உன் நாற்றின் நலத்தைச் சொல்கிறேன்.

கூரையடி அட்டத்தில் நீ அடுக்கி வைத்திருக்கும் பழைய தெர்மாகோல் நாற்றுத் தட்டுகளைத் தூக்கிப் போடு. அவற்றின் ஒவ்வொரு குழியிலும் போன வருஷத்துப் பூஞ்சை குடும்பத்தோடு குடியிருக்கிறது. போன வருஷம் அழுகியதற்குக் காரணமே அந்தத் தட்டுகள்தான். இது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், தடுப்புக் கட்டின தச்சருக்கும் தெரியும்.

இப்படிக்கு,
தம்பி

ஜனவரி 12

தம்பி,

உன் கடிதம் மூன்று நாளில் வந்து சேர்ந்தது. பத்தடி தூரத்துக்கு மூன்று நாள். நத்தை கேட்டால் சிரிக்கும். தபால்காரர், "ஏம்மா, அவர் அங்கேதானே நிக்கிறாரு, நிழல் தெரியுதே. பதில் இருந்தாக் குடுங்க, நான் கையிலேயே குடுத்துடறேன்" என்றார். ஸ்டாம்ப் ஒட்டின கடிதம் ஒழுங்கான வழியில் நகரத்துக்குப் போய் முத்திரை வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டேன். நமக்குள் முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

உன் நீலத் தட்டத்தை உன் அத்தான் பார்த்தார். "கோழிக்குத் தண்ணி வெச்சிருக்கானா?" என்று கேட்டார். பிறகு நான் விளக்கினேன். "அப்பக் கோழி செத்துடுமே" என்றார். அவர் கவலை அவருக்கு.

பழைய தட்டுகள் போய்விட்டன. உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே குப்பை வண்டியில் ஏற்றிவிட்டேன். நீ சொன்னதற்காக இல்லை. அட்டத்தில் இடம் வேண்டியிருந்தது. எனக்கு ஒரு பொருளைத் தூக்கிப் போட மனசு வராது என்பது உண்மைதான். உன்னையே அறுபது வருஷமாக வைத்திருக்கிறேன்.

ஆனால் அழுகலுக்குக் காரணம் தட்டு என்று எழுதினாயே, அதை மட்டும் விட மாட்டேன். தண்ணீர்த் தொட்டியில் குளத்துத் தண்ணீரை நிரப்பினது யார்? குழாய்த் தண்ணீர் வர நேரமாகிறது என்று குளத்தில் பம்பைப் போட்டது யார்? தட்டு மிதக்கிற தண்ணீரில்தான் வேர் தொங்குகிறது. வேருக்குச் சேற்றைக் குடிக்கக் கொடுத்துவிட்டு, அது உட்கார்ந்திருந்த நாற்காலியைக் குறை சொல்கிறாய்.

இன்னொன்று. நாற்று ஒரே மட்டமாக வளர நீ மிஷினை ஓட்டித் தலையைக் கத்தரிப்பாய். நன்றாகச் செய். ஆனால் வெட்டின இலைத்துணுக்கு ஒன்றுகூடத் தட்டில் கிடக்கக் கூடாது. ஈரத்தில் கிடந்து அழுகின துணுக்கு பூஞ்சைக்கு இலை போட்டுப் பரிமாறின மாதிரி. மிஷின் கத்தியையும் ஒவ்வொரு தடவையும் துடை. உன் சவரக் கத்தியை நீ துடைப்பதில்லை என்று உன் வீட்டுக்காரி சொல்லியிருக்கிறாள். அதனால் சொல்கிறேன்.

அக்கா

ஜனவரி 19

அக்காவுக்கு,

என் சவரக் கத்தி குடும்ப ரகசியம். அது எப்படி எல்லை தாண்டியது என்று விசாரித்தேன். "துணிக்கு அளவு குடுக்க வந்தாங்க, பேசினோம்" என்றாள் என் வீட்டுக்காரி. "நீங்கதானே பேசக் கூடாது? எனக்கு யாரும் தடுப்புக் கட்டலியே." இப்படிப்பட்ட ஒரு வெளியுறவுக் கொள்கையோடு நான் ஒரே வீட்டில் வாழ்கிறேன்.

இந்த வருஷம் என் தொட்டிகளில் குழாய்த் தண்ணீர்தான். நீ சொன்னதற்காக இல்லை. குளத்தில் தவளைச் சத்தம் அதிகமாகிவிட்டது. பம்பைத் தூக்கிக்கொண்டு அங்கே போகப் பிடிக்கவில்லை.

விதை நன்றாக முளைத்திருக்கிறது. உன் பக்கத்திலும் முளைத்திருப்பது தடுப்பு வழியாகப் பச்சைப் புகை மாதிரி தெரிகிறது. ஆனால் என்னுடையதைவிட உயரமாகத் தெரிகிறது. யூரியாவை அள்ளிப் போடுகிறாய், இல்லையா? செல்லம் கொடுத்து வளர்த்த நாற்றுக்குத் தண்டு இருக்காது, தோல்தான் இருக்கும். பூஞ்சைக்கு அதுதான் அல்வா. உன் நாற்று கெட்டால் என் உரிமம் போகும் என்பதால் மட்டும் இதைச் சொல்கிறேன். மற்றபடி உன் செல்லம் உன் இஷ்டம்.

ஒரு விஷயம் பதிவுக்காக. தடுப்புக் கட்டின அன்று நாம் போட்ட நிபந்தனையை நீ மறந்திருக்க மாட்டாய். இதை முதலில் தொடுகிறவர் யாரோ, போன வருஷத்து அழுகல் அவர் தலையில். தச்சர் சாட்சி. நேற்று உன் துடைப்பம் தடுப்பில் இரண்டு முறை பட்டதைப் பார்த்தேன். துடைப்பம் தொட்டால் கணக்கில் வராது என்று பெருந்தன்மையாக விட்டுவிடுகிறேன்.

தம்பி

பிப்ரவரி 4

தம்பி,

உன் பெருந்தன்மையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அட்டத்தில் இப்போது இடம் இருக்கிறது. அங்கே வைத்துக்கொள்கிறேன்.

யூரியாவைப் பாதியாகக் குறைத்திருக்கிறேன். மூட்டை தீரப் போகிறது. அவ்வளவுதான் காரணம்.

இப்போது சண்டையை ஒரு பக்கம் வை. ஒரு தொல்லை வந்திருக்கிறது. காலையில் குடிலுக்குள் போனால் கூரைப் பிளாஸ்டிக்கிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். நேராக இலைமேல் விழுகிறது. ராத்திரிக் குளிர், உள்ளே சூடு. வேர்க்கத்தான் செய்யும். அது எல்லாக் குடிலிலும் உண்டு. விடிந்ததும் பக்கத் திரையைச் சுருட்டித் திறந்துவிட்டால் காற்று வந்து ஒரு மணி நேரத்தில் இலை உலர்ந்துவிட வேண்டும். போன வருஷம் வரை அப்படித்தான். இப்போது முழுக்கத் திறந்தும் மத்தியானம் வரை இலை நனைந்தே இருக்கிறது. வெளியே கொடியில் போட்ட துணி காய்ந்துவிடுகிறது. உள்ளே நாற்று காயவில்லை.

உன் பக்கத்து ஆவிதான் ஏதோ வழியில் இங்கே வருகிறது என்று நினைக்கிறேன். நீ பக்கத் திரையைத் திறப்பதே இல்லையா? குளிருக்குப் பயந்து நாற்றைப் போர்த்தி வைத்திருக்கிறாயா? சின்ன வயதிலும் மழைக்காலம் முழுக்க நீ போர்வைக்குள்தான் இருந்தாய். உனக்குப் பிடித்ததெல்லாம் நாற்றுக்கும் பிடிக்கும் என்று நினைக்காதே.

அக்கா

பிப்ரவரி 10

அக்காவுக்கு,

நான் விடிந்ததும் திறக்கிறேன். உனக்கு முன்னால் திறக்கிறேன். நீ உன் திரையைச் சுருட்டும் சத்தம் எப்போதும் என்னுடையதற்குப் பிறகுதான் கேட்கிறது. என் பக்கத்திலும் இலை காயவில்லை. உன் ஆவிதான் இங்கே வருகிறது என்று நான் நினைத்திருந்தேன்.

அதற்காகத்தான் போன திங்கட்கிழமை பெரிய விசிறி ஒன்று வாங்கி என் பக்கத்தில் ஓட விட்டேன். காற்று போய்த் தடுப்பில் மோதி, தடுப்பு உன் பக்கம் தொப்பை போட்டது. இதை நீ படையெடுப்பாக எடுத்துக்கொண்டு மறுநாளே அதைவிடப் பெரிய விசிறி ஒன்றை உன் பக்கத்தில் வைத்தாய். தொப்பை என் பக்கம் வந்தது. அன்றிலிருந்து தடுப்பு காலையெல்லாம் இப்படியும் அப்படியும் மூச்சுவாங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டு பேருக்கும் மின்சாரம் ஓடுகிறது. இலை காயவில்லை.

என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, விசிறிங்களாவது ஒண்ணுக்கொண்ணு பேசிக்குதுங்க" என்றாள்.

மார்ச் மூன்றாம் தேதி செயலாளர் பார்வையிட வருகிறார். உன் பக்கத்தில் ஏதாவது புள்ளி, பூசணம், சாம்பல் நிறம் என்று கண்டால் உடனே எழுது. உடனே என்றால் மூன்று நாள் என்பது எனக்கும் தெரியும்.

தம்பி

பிப்ரவரி 17

தம்பி,

கண்டுவிட்டேன். சாம்பல் பூஞ்சை. இலை அடியில் தண்டை ஒட்டி, எலி மயிர் மாதிரி. தடுப்பை ஒட்டின வரிசையில் மட்டும். பக்கத் திரை ஓரத்து வரிசைகள் பளிச்சென்று இருக்கின்றன. நீயும் உன் தடுப்போரத்து வரிசையைக் குனிந்து பார். இருக்கும். இல்லை என்று எழுதாதே. நேற்று நீ அங்கே வெகு நேரம் குனிந்து நின்றாய். நீ செருப்பைத் தேடினால்கூட அவ்வளவு நேரம் குனிய மாட்டாய்.

ஏன் என்று கண்டுபிடிக்க உன் அத்தானின் கொசுவர்த்திச் சுருளைக் கொளுத்திக் கொண்டுபோனேன். பக்கத் திரை ஓரத்தில் வைத்தேன். வெளியே நல்ல காற்று. புகை உள்ளே ஓடியது. பாதி தூரம் ஓடித் தடுப்பில் மோதி, மேலே ஏறி, கூரையைத் தடவிக்கொண்டு திரும்பி என் தலைமேலேயே வந்து நின்றது. போவதற்கு வழி இல்லை. ஒரு பக்கம் வந்த காற்று மறுபக்கம் போனால்தான் காற்று. வந்த இடத்திலேயே சுற்றினால் அது மூச்சு.

ஆவி உன்னுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. கிழக்கேயிருந்து வருகிற காற்று மேற்கே போக முடியாமல் நாம் நடுவில் ஒரு பிளாஸ்டிக்கைக் கட்டி, ஆளுக்கொரு விசிறியும் வைத்துப் பூஞ்சையைத் தாலாட்டிக்கொண்டிருக்கிறோம்.

தடுப்பு போக வேண்டும். எடு.

அக்கா

பிப்ரவரி 22

அக்காவுக்கு,

உன் கொசுவர்த்தி ஆராய்ச்சியை முழு மனதோடு ஏற்றுக்கொள்கிறேன். தடுப்புதான் காரணம். அது உடனே போக வேண்டும். நான் அதைத் தொட மாட்டேன்.

கோபப்படாதே. யோசித்துப் பார். நான் தொட்டால் நிபந்தனைப்படி போன வருஷத்து அழுகல் என் தலையில். பிறகு நான் சாகும்வரை, எந்த வீட்டில் எந்தச் சோறு குழைந்தாலும், "குளத்துத் தண்ணி ஊத்தினவன்தானே" என்று நீ சொல்வாய். அதற்கு உரிமம் போவதே மேல் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஒரு நிமிஷம்தான். குடில் போனால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. இந்த வயதில் வேறு தொழிலுக்கு என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள். தையல் மிஷினுக்குப் பித்தான் தைக்கிற ஆளாகச் சேர்த்துக்கொள்வதாக வீட்டில் ஒருத்தி சொல்லியிருக்கிறாள். சம்பளம் பேசவில்லை.

வேறு வழிகளை முயன்றேன். தச்சரைக் கூப்பிட்டேன். கதவுவரை வந்தார், நீலத் தட்டத்தில் செருப்பை முக்கினார், தடுப்பை அண்ணாந்து பார்த்தார். "முதல்ல தொடறவர் தலையிலதானே பழி? நான் தொட்டா போன வருஷம் உங்க நாத்தை அழுக வெச்சது நான்னு ஆயிடாதா? எனக்கு ஊர்ல பேர் இருக்கு, சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உன் வீட்டு அத்தானிடம் சைகை காட்டினேன். அவர் எனக்குக் கை காட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கடைசியாக என் வீட்டுக்காரியைக் கேட்டேன். "நான் தொட மாட்டேன். தொட்டா, ரெண்டு பேரும் சேர்ந்து பழியை என் மேல போட்டுட்டு அன்னிக்கே ராசியாயிடுவீங்க. உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்றாள்.

என்னால் முடிந்ததைச் செய்கிறேன். நோய் கண்ட இலையை அன்றன்று கிள்ளி, மூடி போட்ட வாளியில் போட்டு வெளியே கொண்டுபோய்ப் புதைக்கிறேன். மருந்து அடித்திருக்கிறேன். ஆனாலும் ஒரு வரிசை கிள்ளி முடிப்பதற்குள் அடுத்த வரிசையில் தெரிகிறது. ஈரம் இருக்கிறவரை மருந்து என்பது வெள்ளத்தில் குடை பிடிக்கிற வேலை.

நீ எடு, அக்கா. வயதில் மூத்தவள். விட்டுக்கொடுத்தால் உனக்குப் பெருமை.

தம்பி

பிப்ரவரி 26

தம்பி,

அறுபது வருஷமாக இந்த ஒரு வாக்கியத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மூத்தவள், விட்டுக்கொடு. பொம்மையைக் கொடு, ஜன்னலோர இடத்தைக் கொடு, பள்ளிக்கூடத்துக்குக் குடையைக் கொடு. கொடுத்துக் கொடுத்துப் பெருமை வீட்டில் வைக்க இடமில்லாமல் கிடக்கிறது. யாராவது கிலோக் கணக்கில் வாங்குவார்களா என்று பார்.

இன்று காலை தடுப்பை நான்தான் இறக்கினேன். நீ பார்த்தாய். ஆனாலும் எழுத்தில் இருக்கட்டும். தொட்டேன். துடைப்பத்தால் இல்லை, இரண்டு கையாலும். முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். நிபந்தனைப்படி போன வருஷத்து அழுகல் இனி என் தலையில். சங்கத்து வாசலில் நின்று சொல்ல வேண்டுமானால் சொல்கிறேன். தச்சரை அழைத்து வந்து என் தலையில் ஆணி அடித்து மாட்டச் சொன்னாலும் சரி.

ஆனால் நான் விட்டுக்கொடுத்தேன் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே. விட்டுக்கொடுக்கவில்லை. பறித்துக்கொண்டேன். குளத்துத் தண்ணீர் ஊற்றினது நீதான், இன்றைக்கும் சொல்கிறேன், நாளைக்கும் சொல்வேன். பழி என் தலையில், தவறு உன் கையில். இரண்டும் ஒன்று என்று எந்தக் கோர்ட்டிலும் சட்டம் இல்லை. ஒரு பழிக்குப் பயந்து நாற்றைச் சாகவிடுகிற அளவுக்கு எனக்குக் கோழைத்தனம் இல்லை. உனக்கு இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும், நீ இளையவன்.

என் சுயநலத்தையும் சொல்லிவிடுகிறேன். குடில் போய்விட்டால் காலையில் எழுந்து நான் எங்கே போவேன்? உன் அத்தான் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரவா? நல்ல முகம்தான். ஆனால் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பார்ப்பது?

தடுப்பு விழுந்ததும் நீ எதிரே நின்றாய், கையில் அந்த மூடி போட்ட வாளியோடு. நரை கூடியிருக்கிறது. கன்னம் ஒட்டியிருக்கிறது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. நிழலில் நரை தெரியாது. நீ ஏதோ சொல்ல வாயைத் திறந்தாய். பிறகு மூடிக்கொண்டாய். நானும் மூடிக்கொண்டேன். அதுதான் நல்லது. பேசியிருந்தால் குளத்தில்தான் ஆரம்பித்திருப்போம்.

நடு வரிசைகளை இனி நீ ஒருவனாகக் கிள்ளாதே. முதுகு போய்விடும். உன் பக்கத்தில் பாதியை நான் பார்க்கிறேன். உன்னைக் கேட்டுக்கொண்டு செய்யப் போவதில்லை. இந்தக் கடிதம் உனக்கு வந்து சேர்வதற்குள் முடித்திருப்பேன்.

அக்கா

மார்ச் 5

அக்காவுக்கு,

நீயும் அங்கேதான் நின்றாய். ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுதி வைப்பது நல்லது. இல்லாவிட்டால் வருஷக் கடைசியில் நீ வேறு மாதிரி சொல்வாய்.

முதலில் என் கண்டனம். முன்னறிவிப்பு இல்லாமல் தடுப்பை இறக்கினாய். என்னைக் கேட்காமல் என் பக்கத்துக்கு வந்து என் நாற்றில் இலை கிள்ளினாய். செருப்பைத் தட்டத்தில் முக்கினாயா என்று பார்த்தேன். முக்கினாய். ஆகவே அந்த அளவில் கண்டனத்தைத் திரும்பப் பெறுகிறேன். பழியை நீ பறித்துக்கொண்டதை நான் ஏற்கவில்லை. என் சம்மதம் இல்லாமல் அதை நீ எடுத்துக்கொள்ள முடியாது. போன வருஷத்து அழுகல் யார் தலையில் என்பது இன்னும் முடிவாகாத விஷயம். அதில் நான் கடைசிவரை போராடுவேன்.

தடுப்பு விழுந்த மறுநாளே வெயில் ஏறுவதற்குள் இலை காய்ந்துவிட்டது. விசிறிகள் இரண்டையும் நிறுத்திவிட்டேன். உன்னுடையதை நிறுத்தியதற்கு நீ கண்டனம் எழுதலாம். நாலைந்து நாளில் நோய் நகர்வது நின்றது. ஆனால் நடு வரிசைகள் பிழைக்கவில்லை.

மூன்றாம் தேதி செயலாளர் வந்தார். குனிந்து குனிந்து பார்த்தார். நடு வரிசைகளை இரண்டு பக்கமும் தட்டோடு எடுத்துப் புதைத்துவிட வேண்டும், மீதி நாற்றைச் சங்கம் எடுத்துக்கொள்ளும் என்றார். பிறகு மூலையில் சுருட்டிக் கிடந்த பிளாஸ்டிக்கைப் பார்த்து, "காத்து போற வழியில இதை யாருங்க கட்டினது?" என்று கேட்டார். நீ என்னைக் கை காட்டினாய். நான் உன்னைக் கை காட்டினேன். ஒரு வருஷத்தில் நாம் சேர்ந்து செய்த முதல் காரியம் அது.

அவர் பேனாவைத் திறந்துகொண்டு, "உரிமம் தரேன். ஆனா இந்தத் தடவை பொறுப்பாளர்னு ஒரே ஒருத்தர் பேர்தான் எழுதுவேன். இங்க ரெண்டு பேர் இருந்தா நடுவுல பூஞ்சை வருது. யார் பேரைப் போடட்டும்?" என்றார். உன் பேரைப் போடலாமா என்றதற்கு நான் தலையாட்டவில்லை. என் பேரைப் போடலாமா என்றதற்கு நீ தலையாட்டவில்லை. அவர் சுற்றிப் பார்த்தார். கதவருகே என் வீட்டுக்காரி, கழுத்தில் அளவு நாடாவோடு, செருப்பைத் தட்டத்தில் முக்கிக்கொண்டிருந்தாள். "இவங்க பேரைப் போடறதுல யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று ஒன்றும் தோன்றவில்லை. உனக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

சங்கத்து வண்டி நேற்று நாற்றை ஏற்றிக்கொண்டு போனது. உரிமம் அவள் பெயரில் இன்று வந்தது. குடிலைக் கழுவத் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நாம் இரண்டு பேரும் வேலைக்கு வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள்.

தம்பி